இன்னும் எவ்வளவு தூரம், சாமி?

வேலை போனால் முதலில் பறிபோவது சம்பளம் என்றுதானே நினைப்பீர்கள்? எனக்குப் போனது பால்கனி!

2023 நவம்பரில் ஆட்குறைப்பு. 9 வருஷ உத்தியோகம் 11 நிமிஷ வீடியோ காலில் முடிந்தது (மணி பார்த்தேன், சார்). அம்மா அக்கம்பக்கத்தில் "வீட்லேர்ந்தே வேலை" என்று சொல்லி வைத்தாள். அப்புறம் பத்து மணிக்கு மேல் பால்கனியில் நின்று காற்று வாங்க முடியுமா?

ஐந்து மாதம் இப்படிப் போனது. 2024 ஏப்ரலில் ஒரு ராத்திரி, கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடியோடு நின்றேன், தன்னந்தனியாக. வெள்ளியங்கிரி ஏழு மலை. ஏற மட்டும் சுமார் 6 கிலோமீட்டர். அந்த சீசனில் மூச்சுத் திணறிச் சிலர் இறந்திருந்தார்கள். இருதயக் கோளாறு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று எச்சரித்தார்கள். வேலை இல்லாதவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

முதல் மலையே செங்குத்துப் படிகள். ஏறி முடித்ததும், பாக்கி ஆறு மலை எதற்கு என்று தோன்றும். வார நாள் என்பதால் கூட்டமில்லை. டார்ச் வெளிச்சம் விழும் நாலு படிதான் உலகம். சுற்றிலும் யானைக் காடு. எங்கோ மூங்கில் முறிகிற சத்தம். மனசு மட்டும் வீட்டுக் கடன் தவணையை உரக்கப் படித்துக்கொண்டே வந்தது. மூன்றாவது மலையில் மூச்சு வாங்கவே நேரம் போதவில்லை; அதுவும் வாயை மூடிக்கொண்டது.

எதிரே இறங்குகிறவர்களிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "இன்னும் எவ்வளவு தூரம், சாமி?" பதிலும் ஒன்றேதான். "இதோ, வந்தாச்சு சாமி!" அந்த மலையில் புளுகு புண்ணியக் கணக்கில் சேரும் போலிருக்கிறது.

சுனையோரம் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெறுங்கால்.

"என்னங் தம்பி, எங்க வேலை?"

'ஐ.டி.' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் கும்மிருட்டு. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. என் முகம் அவருக்கும் தெரிந்திருக்காது.

"வேலை இல்லீங்க. போயிடுச்சு."

ஐந்து மாதத்தில் அந்த வாக்கியத்தை என் குரலில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மலை இடிந்து விழவில்லை. யானையும் வரவில்லை.

பெரியவர் யோசித்தார். "அப்ப நல்லதுங். லீவு முடியுதுன்னு ஓட வேண்டாம். மெதுவா ஏறுங்க" என்றவர், விறுவிறுவென்று ஏறிப் போய்விட்டார்!

ஏழாவது மலையில் காற்று ஆளைத் தள்ளியது. விடியும் நேரத்தில் பாறைக் குகைக்குள் சுயம்பு லிங்கம். வேலை கேட்கத்தான் போனேன். கேட்கவில்லை. ஞானம் ஒன்றுமில்லை, குளிரில் பல் கிட்டிவிட்டது.

இறங்கும்போது முழங்கால் தந்தியடித்தது. மூன்றாவது மலையில் ஒரு கல்லூரிப் பையன், வியர்த்து விறுவிறுத்து, "இன்னும் எவ்வளவு தூரம், சாமி?"

"நாலு மலை இருக்கு தம்பி. உட்கார்ந்து தண்ணி குடிச்சுட்டுப் போங்க."

முறைத்தான். உட்கார்ந்தான்.

ஊர் திரும்பியதும் எதிர்வீட்டு மாமியிடம் நானே விஷயத்தைச் சொன்னேன்.

"அதுதான் நவம்பர்லயே தெரியுமேப்பா! என் தம்பி ஆபீஸ்ல ஆள் தேடறாங்க. உங்கம்மாகிட்ட எப்படிக் கேக்கறதுன்னுதான் சும்மா இருந்தேன்" என்றார்.