பிறர் பழி சுமந்த சுறா

மகள் பிள்ளை பெற்று வீட்டிலிருக்கிறாள். பால் சுரக்கப் புட்டு அவிப்பதற்காகக் காஜாங் சந்தையில் சுறா வாங்கி வருவது நம் வேலை. அது எந்த நீரில் பிறந்தது என்று ஒருநாளும் கேட்டோமில்லை. ஆற்றிலும் சுறா உண்டோ என வாசகர் நகைக்கலாம், நாமும் நகைத்தவர்களே.

சபாவில் கினாபாத்தாங்கான் ஆற்றிலே அஃது உண்டு. கலங்கல் நீரில் வாழும் சிறுகண் மீன். போர்னியோவில் அதற்கு வியன்னா அரும்பொருட்சாலையில் நூறாண்டுக்கு மேலாகக் கிடந்த உடலொன்றே சான்றாயிருந்தது. 1990களில்தான் அவ்வாற்று மீனவர் வலையில் மீண்டும் அகப்பட்டது. 2010இல் தனிப்பெயர் சூட்டினர். பின்னர் மரபணுவைச் சோதித்தவர்கள், 1839இல் விவரிக்கப்பெற்ற கங்கைச் சுறாவே இதுவும் என்றனர்.

கங்கைச் சுறாவுக்கு வாய்த்த பெயரோ கொடிது: ஆட்கொல்லி, பிணந்தின்னி! உப்புநீரிலும் நன்னீரிலும் உலவும் காளைச் சுறா கங்கையிலும் ஏறுகிறது. அக்குற்றங்களிற் பல அதனுடையவையாயிருக்கலாம் என்பர் ஆராய்ந்தோர். ஆளைப் பாராது ஜாதிப் பெயரைக் கொண்டு தீர்ப்பெழுதுவது நம்மவர்க்குப் புதிதா என்ன?

இந்தியா 2001இல் இதற்குச் சட்டக் காப்பளித்தது. வலை சட்டம் படிப்பதில்லை. பத்தாண்டுக்கு மேலாக உறுதியாய்க் காணப்படாத அவ்வினத்தில், 266 செ.மீ. நீளமுள்ள பெண் சுறா ஒன்று 2016 பிப்ரவரியில் மும்பை சசூன் துறையில், பிடிபட்ட மீன்களிடையே கிடந்தது.

சென்ற ஞாயிறன்று மீன்காரரிடம், "இது எந்த ஊர்ச் சுறா, தம்பி?" என வினவினோம். தலையும் துடுப்பும் நீக்கிய துண்டைக் காட்டி, "சுறா என்றால் சுறாதான், ஐயா" என்றார். வாங்காது திரும்பினோம். மகள் அன்றிரவு நம்மிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை.