ஒற்றைக் காதும் உருண்டை அரங்கமும்

கொசுவத்தி சுத்தாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

1996. திருச்சியில் இன்ஜினியரிங் ஹாஸ்டல். ஷில்லாங்கில் இருந்து வந்து படித்த சீனியர் ஒருவர், படிப்பு முடிந்து கிளம்பும்போது ஒரு கேசட்டை எங்கள் ரூமில் விட்டுவிட்டுப் போனார். யூ-2 என்ற ஐரிஷ் பேண்டின் 'ஆக்டுங் பேபி'. 1991-ல் வந்த ஆல்பம். அதுவரை எனக்கு ராஜாவும் ரஹ்மானும் தவிர வேறு தெய்வம் கிடையாது. ரூம்மேட்டிடம் ஒரு வாக்மேன் இருந்தது. (அவன் பெயர் வேண்டாம், ரூம்மேட் என்றே வைத்துக்கொள்வோம். சண்டைக்கு வருவான்.) இயர்போன் ஒன்றே ஒன்று. வலது எனக்கு, இடது அவனுக்கு. மொட்டை மாடியில் தோளை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து ரிப்பன் தேயத் தேயக் கேட்டோம்.

"இந்த இடத்துல ஒரு கிடார் வருது பாரு" என்பான். எனக்கு வராது. "இல்லடா, பின்னாடி யாரோ ஹம் பண்றாங்க" என்பேன். அவனுக்குக் கேட்காது. ஸ்டீரியோ என்ற சமாச்சாரம் விளங்குவதற்கே ஒரு செமஸ்டர் ஆனது. ஹி ஹி.

படிப்பு முடிந்து அவன் அமெரிக்கா போனான். நான் புனேவுக்கு ஆணி பிடுங்க வந்தேன். வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மராத்தி இன்னும் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்குத்தான்.

2019 டிசம்பர் 15 அன்று யூ-2 முதல்முறையாக இந்தியாவுக்கு வந்தார்கள். நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானம். புனேவில் இருந்து எக்ஸ்பிரஸ் வேயில் போய்ப் பார்த்தேன். 200 அடி அகலத் திரை. ரஹ்மான் தன் மகள்களோடு மேடைக்கு வந்தபோது, பக்கத்தில் நின்ற பஞ்சாபிப் பையனிடம் "எங்க ஊர்க்காரர்" என்று தேவையில்லாமல் பெருமையடித்துக்கொண்டேன். இரண்டு காதும் கேட்டு நான் பார்த்த கடைசிக் கச்சேரி அதுதான். அன்றைக்கு அது தெரியாது.

2021 ஜூலை. ஒரு காலை இடது காதில் போனை வைத்தால் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று மூன்று முறை திரும்பக் கூப்பிட்டேன். நாலாவது முறை வலது காதில் வைத்தேன். எதிர்முனையில் டேமேஜர் கத்திக்கொண்டிருந்தார்.

அழுக்கு அடைத்திருக்கும் என்று நினைத்தேன். ஊரில் இருந்து அம்மா தேங்காய் எண்ணெயைச் சுடவைத்து விடச் சொன்னார். தங்கமணி டாக்டரிடம் போகச் சொன்னாள். வழக்கம்போல அம்மா பேச்சைக் கேட்டேன். 18 நாள் கழித்து ஈ.என்.டி. டாக்டர் முன் உட்கார்ந்தபோது அவர் முதலில் கேட்டது, "ஏன் இவ்வளவு லேட்?" திடீரென்று காதின் நரம்பு வழியே கேட்கும் திறன் போவது ஒரு அவசர நோயாம். முதல் சில நாட்களில், அதிகம் போனால் இரண்டு வாரத்துக்குள், ஸ்டீராய்டு ஆரம்பித்தால் திரும்பிவர வாய்ப்பு அதிகம். எனக்குக் கொடுத்தார்கள். வரவில்லை. இதைப் படிக்கிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காது திடீரென்று அடைத்தால் எண்ணெய் விடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

ஒரு காது போனால் பாதிச் சத்தம்தானே போகும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். போவது திசை. இரண்டு காதுக்கும் சத்தம் வந்து சேரும் நேரத்திலும் அளவிலும் இருக்கும் இம்மி வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசை பிடிக்கிறது. கூட்டத்தில் ஒருவர் குரலை மட்டும் பிரித்தெடுக்கவும் அதற்கு இரண்டு காதும் வேண்டும். வீட்டில் என் போன் தொலைந்தால் தங்கமணி ரிங் விடுவாள், நான் வீடு முழுக்கச் சுற்றுவேன். அது என் பாக்கெட்டிலேயே இருக்கும். பாட்டு கேட்க, போன் செட்டிங்கில் மோனோ ஆடியோ என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கத்தையும் ஒரே காதில் கொட்டிவிடும். கேட்கலாம். ஆனால் எல்லாம் ஒரே சுவரில் ஆணி அடித்து மாட்டிய மாதிரி இருக்கும்.

ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. மீட்டிங்கில் முதல் ஆளாகப் போய் இடது ஓர நாற்காலியைப் பிடித்துவிடுவேன். ரூம்மேட்டிடமும் சொல்லவில்லை. போனில்தானே பேசுகிறோம், தெரியவா போகிறது?

2024 பிப்ரவரியில் மூன்று வாரம் பீனிக்ஸ் கிளையண்ட் ஆபீஸுக்கு அனுப்பினார்கள். ரூம்மேட் இருப்பது அதே ஊர். நான் வருகிறேன் என்றதுமே லாஸ் வேகஸில் யூ-2 கச்சேரிக்கு இரண்டு டிக்கெட் போட்டுவிட்டான். என் பங்கு எவ்வளவு என்பதை வீட்டில் டாலரில் மட்டுமே சொன்னேன்.

ஸ்பியர் என்று பெயர். 366 அடி உயரம், 516 அடி அகலத்தில் பாலைவனத்தில் உருட்டிவிட்ட பந்து. சுமார் 230 கோடி டாலர் செலவு. 2023 செப்டம்பர் 29 அன்று திறந்துவைத்ததே யூ-2தான். அதே 'ஆக்டுங் பேபி'யை முழுசாக வாசித்து, 2024 மார்ச் 2 வரை மொத்தம் 40 கச்சேரி.

பீனிக்ஸில் இருந்து காரில் ஐந்து மணி நேரம். ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நம்மூரில் டிரைவர் வலது பக்கம், என் நல்ல காது அவர் பக்கம். அமெரிக்காவில் டிரைவர் இடது பக்கம். என் செத்த காதுக்கு நேராக ரூம்மேட். டயர் சத்தம், ஏசி சத்தம், அவன் வேறு ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசுகிறான். நான் முகத்தைப் பார்த்து, சிரிக்கிற இடத்தில் சிரித்து, "ஆமாடா", "அப்படியா", "நல்லதுதானே" என்று சமாளித்தேன். கிங்மன் ஊர் தாண்டிய பிறகு அவன் பேசவே இல்லை. தூக்கம் போல என்று நினைத்து நிம்மதியானேன்.

அரங்கத்துக்குள் மேல் தளத்தில் சீட். படிக்கட்டு மலைக்கோட்டை ஏறுவது மாதிரி செங்குத்து. கீழே மேடை, பிரையன் ஈனோ வடிவமைத்த ரெக்கார்டு பிளேயர் போல வட்டமும் கையுமாக ஜொலித்தது. சுற்றிலும் தலைக்கு மேலும் 1,60,000 சதுர அடித் திரை. ஆனால் திரை என்றே தெரியாது. பழைய கான்கிரீட் கோபுரத்துக்குள் உட்கார்ந்திருப்பது போலவும், உச்சியில் ஒரு ஓட்டை வழியாக வானம் தெரிவது போலவும் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஆரம்பிப்பதற்கு முன் அந்த ஓட்டைக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் பறந்தது. சனங்கள் எல்லாம் சத்தம் போகும் பக்கம் தலையைத் திருப்பினார்கள். நான் அவர்களைப் பார்த்து அரை நொடி தாமதமாக, எதிர்ப்பக்கம் திருப்பினேன்.

ரூம்மேட் என் தோளைத் தட்டினான். "சத்தம் அங்க வருது, நீ எங்கடா பாக்கற?"

அதற்கு மேல் மறைக்கத் தெம்பில்லை. காதைத் தொட்டுக் காட்டிச் சொல்லிவிட்டேன். மூன்று வருஷமாகிறது என்றும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு என் வலது பக்கம் குனிந்து கேட்டான்: "அப்ப கார்ல நான் சொன்னது எதுவும் உனக்குக் கேக்கலையா?"

"இல்லடா."

ஒன்றும் பேசாமல் எழுந்து சீட்டை மாற்றிக்கொண்டான். விளக்கு அணைந்தது.

கச்சேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரணமாக மேடைக்கு இரண்டு பக்கமும் வாழைத்தார் மாதிரி ஸ்பீக்கர்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். இங்கே ஒன்றும் கண்ணில் படாது. கிட்டத்தட்ட 1,67,000 குட்டி ஸ்பீக்கர்கள், பெரும்பாலும் திரைக்குப் பின்னால். பெர்லின் கம்பெனியான ஹோலோபிளாட்டின் வேலை. ஒவ்வொன்றிலிருந்தும் சத்தத்தைத் துளி முன்னே பின்னே விட்டு, அலைகள் சேர்ந்து டார்ச் வெளிச்சம் போல வேண்டிய இடத்துக்கு மட்டும் போகும்படி கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. சுவரில் மோதித் திரும்பும் எதிரொலி குறைகிறது. சுற்றிவரும் ஒலி என்ற பில்டப் எனக்குப் பைசா பிரயோஜனம் இல்லை. ஆனால் போனோ பாடிய வார்த்தைகள் ஒவ்வொன்றாக, கழுவி வைத்த மாதிரி, என் ஒற்றைக் காதில் வந்து விழுந்தன. காது போன பிறகு இரைச்சலாக இல்லாமல் நான் கேட்ட முதல் கச்சேரி இதுதான்.

படங்கள் மிரட்டல். ஒரு பாட்டில் எண்களால் ஆன கூரை அப்படியே தலைமேல் இறங்கியது, குனிந்தே விட்டேன். இன்னொன்றில் எல்விஸ் பிரெஸ்லி ஆயிரம் வேஷத்தில் பொங்கி வழிந்தார். கடைசிப் பகுதியில் வெளியே இருக்கும் லாஸ் வேகஸே திரையில் தெரிந்து, கட்டடம் கட்டடமாகக் கலைந்து, வெறும் பாலைவனம் ஆனது. ஒரு குறையும் உண்டு. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறைதான் கீழே நாலு பேர் வாசிக்கிறார்கள் என்ற ஞாபகமே வரும். சதுரங்கக் காய் அளவுக்குத் தெரிந்தார்கள். அதிலும் டிரம்மர் லேரி மல்லன் இல்லை. 1976-ல் டப்ளின் பள்ளி நோட்டீஸ் போர்டில் சீட்டு ஒட்டி இந்த பேண்டை ஆரம்பித்து வைத்ததே அவர்தான். ஆபரேஷன், ஓய்வு. அவர் இடத்தில் நெதர்லாந்தின் பிராம் வான் டென் பெர்க் வாசித்தார். நாற்பது கச்சேரியும் அப்படித்தான். ஒன்று குறைந்தாலும் கச்சேரி நடக்கிறது.

நடுவில் திரையின் ஆட்டமெல்லாம் அடங்கி, நாலு பேரும் அந்த வட்டத்தில் கூடி மெதுவாக வாசித்தார்கள். அப்போது ரூம்மேட் என் வலது காதுப் பக்கம் வந்தான்.

"ஜனவரில வேலை போச்சுடா. பதினாலு வருஷம் இருந்த கம்பெனி. வீட்ல தவிர யார்கிட்டயும் சொல்லல. கார்ல உன்கிட்டதான் சொன்னேன். நீ நல்லதுதானேன்னு சொல்லிச் சிரிச்ச."

என்ன சொல்வது? அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த இரண்டு பாட்டு என்ன என்று சத்தியமாக ஞாபகம் இல்லை.

மறுநாள் திரும்பும்போது நான் ஓட்டினேன். இண்டர்நேஷனல் பர்மிட் இருந்தது, வலது பக்கம் ஓட்டும் தைரியம்தான் இல்லை. முதல் ஒரு மணி நேரம் இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைப் போட்டுக்கொண்டே வந்தேன். ஆனால் அவன் இப்போது என் வலது பக்கம். ஹூவர் அணை தாண்டியதில் இருந்து பேச ஆரம்பித்தான். வேலை போன அன்று பார்க்கிங்கில் இரண்டு மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தது, விசா கவலை இல்லாவிட்டாலும் வீட்டுக்கடன் பயம், மகனுக்குக் காலேஜ், அப்பாவிடம் இன்னும் சொல்லாதது. ஐந்து மணி நேரம். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

பீனிக்ஸ் நெருங்கும்போது திடீரென்று கேட்டான். "ஹாஸ்டல்ல உனக்கு எந்தப் பக்கம் இயர்போன்?"

"வலது."

"அப்ப உனக்குப் பழைய பங்கு அப்படியே இருக்கு, போ."

அவனுக்கு மே மாதம் வேறு வேலை கிடைத்தது. நான் ஆபீசில் சொல்லிவிட்டேன். இப்போது மீட்டிங்கில் இடது ஓர நாற்காலியை எனக்காகவே காலியாக விடுகிறார்கள். முன்னால் போய் இடம்பிடிக்கும் வேலை மிச்சம் :-)