உட்கார்ந்து துணி எடுத்த ஊர்

செஞ்சிப் பக்கத்தில் காய்கறி வாங்குவார்கள், பாத்திரம் வாங்குவார்கள். துணி மட்டும் ‘எடுப்பார்கள்’. ஐப்பசி பிறந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: “துணி எடுத்தாச்சா?” பாரிஸில் முப்பத்திரண்டு வருஷம் குடியிருந்தும் இந்த ஒரு சொல் அந்தப் பெண்மணியை விட்டுப் போகவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக் குடும்பத்தில் வாக்கப்பட்டு, தென்னார்க்காட்டிலிருந்து விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்த அதே 1993-ல் விமானம் ஏறியவர். நடுவில் ஒரே ஒருமுறை, அம்மாவின் காரியத்துக்கு வந்தார். துக்கத்துக்கு வந்தவர் கடைத்தெருப் பக்கம் போகவில்லை. அண்ணன் மகளுக்குத் தையில் கல்யாணம் என்று முடிவானதும், 2025 தீபாவளிக்கு முந்தைய வாரம், துணி எடுக்கவென்றே புறப்பட்டு வந்தார். அண்ணன் பிள்ளைகளுக்கு அவர் ‘பாரிஸ் அத்தை’.

அவர் ஊரைவிட்டுப் போனபோது சென்னைக்குப் போகும் பேருந்து பாரிமுனை வரை போகும். 2002-ல் அது கோயம்பேடோடு நின்றது. 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கத்தோடு இப்போது நின்றுவிடுகிறது. சென்னை கொஞ்சம் கொஞ்சமாகச் செஞ்சியை நோக்கி நகர்ந்து வருவதாக அத்தைக்குத் தோன்றியது. திண்டிவனம் தாண்டி, உருண்டைப் பாறைகளை யாரோ அடுக்கிவைத்தது போன்ற குன்றுகள் மழையில் கறுத்து நிற்க, தூரத்தில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சி தெரிந்ததும் ஜன்னலோரம் சாய்ந்துகொண்டார். அந்தக் கோட்டை ஜூலை மாதம்தான் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியிருந்தது. மராட்டியர் கோட்டைகள் என்று சேர்த்த பன்னிரண்டில் தமிழ்நாட்டுக்கு இது ஒன்றுதான். பேருந்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் மடியில் மூன்று துணிப் பைகள். பேச்செல்லாம் எந்தக் கடையில் என்ன தள்ளுபடி என்பதுதான்.

அத்தையின் நினைவில் இருக்கும் ஜவுளிக்கடை காந்தி பஜாரில் இருந்தது. நாலு படி ஏற வேண்டும். படியிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே தரை முழுக்க மெத்தை, அதன்மேல் வெளுத்த வெள்ளை விரிப்பு. குடும்பம் மொத்தமும் அதில் உட்காரும். எதிரே கடைக்காரரும் சம்மணம் போட்டு உட்காருவார். முதலில் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கலர் வரும். பிறகு கடைப்பையனிடம் அவர் ஒரு வார்த்தை சொல்ல, அலமாரியிலிருந்து சேலைகள் ஒவ்வொன்றாக விரிப்பில் வந்து விழும். முந்தானையை உதறி விரித்து, கரையை விரலால் நீவி, “இது சாயம் போவாதும்மா, அந்தப் பச்சை போவும்” என்று உள்ளதைச் சொல்வார். பாவாடைத் துணி, சட்டைத் துணி என்றால் மீட்டர் கோல். ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு. மீதியை இரண்டு கையாலும் ஒரே இழுப்பில் கிழிப்பார். பிள்ளைகளுக்குத் தீபாவளியின் முதல் வெடிச் சத்தம் அதுதான்.

ஒரே துணியில் மூன்று பெண்பிள்ளைகளுக்கும் எடுத்துவிடுவார் அப்பா. மூவரும் ஒரே பூப்போட்ட பாவாடை சட்டையில் தெருவில் போவார்கள். “வளர்ற பிள்ளைங்க, கொஞ்சம் தாராளமா விடுங்க” என்று அம்மா டெய்லரிடம் சொல்ல, அவர் பாவாடையின் கீழே நாலு விரற்கடை உள்ளே மடித்துத் தைப்பார். அடுத்த தீபாவளிக்குள் அதைப் பிரித்துவிட வேண்டியிருக்கும். பிரித்த இடத்தில் மட்டும் சாயம் போகாத புது நிறம் பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டையைப் பார்த்தே பிள்ளை ஒரு வருஷத்தில் எவ்வளவு வளர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

கையில் காசு இல்லாவிட்டாலும் துணி எடுக்கலாம். மல்லாட்டை போட்டதும் தருகிறேன், நெல் போட்டதும் தருகிறேன் என்றால் கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொள்வார். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை இறங்கும் நாள் அவருக்கும் தெரியும்.

இதையெல்லாம் இனிக்க இனிக்கச் சொன்ன அத்தை, ஒன்றைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். அந்த விரிப்பில் எல்லோரும் உட்காரவில்லை. காலனியிலிருந்து வந்தவர்கள் படியில் நின்றபடியே கேட்டு, நின்றபடியே காசு கொடுத்து, நின்றபடியே வாங்கிக்கொண்டு போனார்கள். ஏன் என்று அன்று பத்து வயதுப் பிள்ளைக்குக் கேட்கத் தோன்றவில்லை. இன்று அதை நினைக்காமல் அந்த மெத்தையை அவரால் நினைக்க முடியவில்லை. விரிப்பில் உட்கார்ந்த பெண்களும்கூட, அப்பா எந்தச் சேலையைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாரோ அதைத்தான் எடுத்தார்கள்.

தன் கையால் துணியைத் துழாவி எடுக்கலாம் என்று அத்தை தெரிந்துகொண்டது பாரிஸின் பார்பெஸ் பகுதியில், ‘தாத்தி’ கடையில். 1948-ல் ழூல் வாக்கி என்பவர் தொடங்கிய மலிவு விலைக் கடை அது. இளஞ்சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட அதன் பை அந்த நகரத்தில் எல்லோருக்கும் தெரியும். தொட்டி தொட்டியாகத் துணி கொட்டிக் கிடக்கும்; யார் முகத்தையும் பார்க்காமல் எடுக்கலாம், வைக்கலாம். முதல் குளிருக்குக் கோட்டு அங்கேதான் எடுத்தார். சேலை வேண்டுமென்றால் ரயிலடிக்குப் பக்கத்தில் லா ஷப்பேலில் ஈழத்துத் தமிழர்களின் கடைகள். தாத்தியின் பார்பெஸ் கடை 2021-ல் மூடியபோது, சொந்த ஊரில் ஒரு கடை மூடியது போல இருந்தது அத்தைக்கு.

பார்பெஸில் ஆப்பிரிக்கத் துணிக்கடைகள் அதிகம். செனகல் நாட்டுக்கும் நம் பக்கத்துக்கும் இருந்த துணி உறவை அங்கே போன பிறகுதான் அவர் அறிந்தார். புதுச்சேரி வட்டாரத்தில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத் துணியை ‘கினே’ என்ற பெயரில் பிரெஞ்சு வணிகர்கள் செனகல் ஆற்றங்கரைக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே அது கருவேலம் பிசினுக்கு மாற்றாக, பணம் போலவே கைமாறியது. தென்னார்க்காடு அப்போது அவுரி விளைந்த சீமை. செஞ்சிக் கோட்டைக்கும் துணிக்கும் அதைவிடப் பழைய தொடர்பு உண்டு. 1597-ல் இங்கே வந்த பிமெந்தா என்ற ஏசுசபைப் பாதிரியார், கிருஷ்ணப்ப நாயக்கர் பட்டு உடுத்திப் பட்டு விரிப்பில் சாய்ந்திருந்ததை எழுதிவைத்திருக்கிறார். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி 1690-ல் விலைக்கு வாங்கியது செஞ்சியைக் கையில் வைத்திருந்த மராட்டியரிடம். கம்பெனி இந்தக் கரைக்கு வந்ததே பருத்தித் துணிக்காகத்தான். அந்தப் பெருங்கதையின் கடைசி ஏடுகளில் ஒன்று புதுச்சேரியில் 1898-ல் தொடங்கிய ரோடியர் மில். ஏ.எஃப்.டி. என்ற பெயரில் ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட அந்த மில் 2020-ல் மூடப்பட்டது. அத்தையின் மாமனார் வீட்டுத் தெருவில் அந்தச் சங்கொலியைக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டுவார்கள்.

செஞ்சியில் இப்போது துணி எடுப்பது திண்டிவனம் சாலையில். கண்ணாடி முகப்பு, குளிர்சாதனம், வெளியே நடிகையின் ஆளுயரப் படம். செருப்போடு உள்ளே போகலாம். படி கிடையாது, யாரும் படியோடு நிற்க வேண்டியதும் கிடையாது. கதவு தானாகத் திறக்கிறது. யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை. விலை அட்டையிலேயே இருக்கிறது. அண்ணன் மகள் ஆறு குர்த்தியைக் கையில் அள்ளிக்கொண்டு ட்ரையல் ரூமுக்குள் போனாள். ஒவ்வொன்றையும் போட்டு, வெளியே வந்து, திரும்பிப் பார்த்து, செல்போனில் படம் பிடித்து, நாலைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் அப்பா ஓரமாக நின்று காசு கொடுக்கக் காத்திருந்தார். அத்தைக்கு மனம் நிறைந்துவிட்டது. தனக்குப் பதினெட்டு வயதில் கிடைக்காத ஒன்று இந்தப் பிள்ளைக்கு எந்தச் சண்டையும் போடாமல் கிடைத்திருக்கிறது.

வரிக் கணக்கும் அவளுக்கு அத்துப்படி. கையில் எடுத்த லெஹங்காவின் அட்டையில் 2,650 ரூபாய். “வேணாம் அத்தை, ரெண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல போனா பதினெட்டு பர்சன்ட்” என்று வைத்துவிட்டாள். செப்டம்பர் 22 முதல் தைத்த உடுப்புக்கு 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்குமேல் 18. சேலை தைக்காத துணி என்பதால் எந்த விலைக்கும் 5 சதவீதத்தோடு போகிறது.

சேலைப் பிரிவு மாடியில். அத்தை பழக்கதோஷத்தில் உட்கார இடம் தேடினார். தூணோரம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டிலும் தாத்தாக்கள். சரி என்று நின்றுகொண்டே கேட்டார். இருபது வயதிருக்கும் ஒரு பெண், மேல்மலையனூர்ப் பக்கத்துக் கிராமம், முகம் சுளிக்காமல் இருபது சேலை விரித்துக் காட்டினாள். விரிக்கும்போது ஒரு காலில் நின்று மறுகாலைத் தரையில் ஊன்றாமல் தளர்த்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கால் மாற்றினாள். அத்தை அதைக் கவனித்துவிட்டார்.

“காலையில எத்தனை மணிக்கும்மா வந்தே?”

“ஒன்பதரைக்குங்க. தீபாவளி டைம் இல்லீங்களா, நைட்டு பத்தாவும்.”

“உக்கார ஒண்ணும் இல்லியா?”

“ஸ்டூல் இருக்குதுங்க” என்று மேஜைக்கு அடியில் காட்டினாள். இருந்தது. அதன்மேல் சேலைப் பெட்டிகள் அவள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவு சேர்ந்தது. கேரளத்துக்கு அடுத்தபடியாக இதைச் செய்த மாநிலம் இது. சென்னை ரங்கநாதன் தெருவின் துணிக்கடைப் பிள்ளைகள் எப்படி நின்றார்கள் என்பதை வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010-லேயே ஊரறியக் காட்டியிருந்தது. பாரிஸின் பேரங்காடிகளில் பில் போடும் பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்துதான் போடுகிறார்கள். அதனால் வியாபாரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஸ்டூல் வாங்கிப் போட்டதோடு கடமை தீர்ந்துவிடாது. அதன்மேல் இருக்கும் பெட்டிகளை இறக்கிவைப்பதுதான் சட்டத்தின் வேலை, முதலாளியின் வேலை, சேலை பார்க்க வரும் நம்முடைய வேலையும்கூட. அத்தை குனிந்து பெட்டிகளை இறக்கத் தொடங்கியதும் அந்தப் பெண் பதறிப்போய்த் தானும் சேர்ந்து இறக்கினாள். மிச்சச் சேலைகளை அவள் உட்கார்ந்து காட்டினாள். சூப்பர்வைசர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நரைத்த தலையுடன் எதிரே நின்ற வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

முகூர்த்தப் பட்டு எங்கே என்பதில் வீட்டில் ஒரு ராத்திரி விவாதம். கல்யாணப் பெண்ணுக்குத் தியாகராய நகர் போகவேண்டும் என்று ஆசை. அத்தையின் கல்யாணப் பட்டும் அங்கே எடுத்ததுதான்; 1928-ல் தொடங்கிய நல்லி, அதைச் சுற்றி வளர்ந்த கடைகள், மாம்பலம் ரயிலடிக் கூட்டம் எல்லாம் அவருக்கு இன்னும் கண்ணில் நிற்கின்றன. 2017 மே 31-ல் அங்கே சென்னை சில்க்ஸ் கட்டடம் தீப்பிடித்ததை அவர் பாரிஸில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்த்தார். அந்தக் கட்டடத்தைப் பிறகு இடித்தே விட்டார்கள். கடைசியில் அண்ணி சொன்னதுதான் நடந்தது: சேத்துப்பட்டு வழியாக ஆரணி. தறிவீட்டில் பாய் விரித்து உட்காரவைத்து, மோர் கொடுத்து, அரக்கில் பச்சைக் கரை போட்ட சேலையை மடியிலேயே விரித்துக் காட்டினார்கள். பேரம் பேச அத்தைக்கு மனம் வரவில்லை.

அண்ணி இப்போதெல்லாம் கடைக்கே போவது குறைவு. இளம்பிள்ளைச் சேலைகளின் படங்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. அவற்றை வரவழைத்து வீட்டிலேயே விற்கும் ஒரு பெண் நாலு தெரு தள்ளி இருக்கிறாள். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அத்தையையும் அங்கே கூட்டிப்போனார். ஒற்றை அறை, தரையில் பாய், சுவரோரம் மூட்டை. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், சத்துணவுக்கூடத்து ஆயா, பள்ளிக்கூடத்து டீச்சர், எல்லோரும் முட்டி உரச ஒரே பாயில். விற்கிறவளும் கூடவே உட்கார்ந்து உதறி விரிக்கிறாள். முந்தானையை ஒருத்தி எடுத்து இன்னொருத்தி தோளில் போட்டுப் பார்க்கிறாள். “உனக்கு இது எடுக்கும்டி, அது வேணாம்.” வாரம் நூறு ரூபாய் தவணை.

அத்தை ஒரு நீலச் சேலை எடுத்தார். விலை எண்ணூறு. கைப்பையில் யூரோவைத் தவிர நானூறுதான் இருந்தது. அண்ணி பணம் எடுக்கப் போனதை அந்தப் பெண் தடுத்துவிட்டாள்.

“இருக்கட்டும்க்கா. தையில கல்யாணத்துக்கு வருவாங்க இல்ல, அப்ப குடுக்கட்டும்.”

நோட்டைத் திறந்து, எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டி, புதுப் பக்கத்தில் எழுதினாள்: பாரிஸ் அத்தை, பாக்கி 400.