வேப்பேரிக்குப் போய் வந்தோம்

சென்னையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கடற்கரை, மியூசியம், கபாலீசுவரர் கோயில் என்று போவார்கள். வேப்பேரி மிருக ஆஸ்பத்திரிக்கு யாராவது யாத்திரை போவார்களா? எங்கள் மணியின் புண்ணியத்தில் 2023ல் நாங்கள் நாலு தடவை போய் வந்தோம்!

மணி, செங்கல்பட்டில் எங்கள் வீட்டோடு ஒட்டிக்கொண்ட ஒரு வயது நாட்டு நாய். வேன் மோதி, ஒரு முன்னங்காலும் ஒரு பின்னந்தொடையும் முறிந்துவிட்டன. "இனி எங்கே நடக்கப் போகுது? ஊசி போட்டு அனுப்பிடுங்க" என்றார்கள் அக்கம்பக்கத்தில். என் எட்டு வயசுப் பெண்ணோ ஒரே அழுகை. வலியில் வளர்த்த நாயும் கடிக்கும் அல்லவா? மூச்சுக்குத் தடையில்லாமல் வாயைத் துணி நாடாவால் கட்டி, பலகையில் படுக்க வைத்து, வாடகை வண்டியில் கிளம்பினோம்.

எழும்பூருக்குப் பக்கத்தில்தான் வேப்பேரி. 1903ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. கூடையில் பூனை, கயிற்றில் ஆடு, மடியில் கோழி! ஆட்டோ ஓட்டுகிறவரும் பங்களா அம்மாளும் பக்கத்தில் பக்கத்தில் காத்திருக்கிறார்கள். "உங்களுக்கு என்னம்மா?" "எங்களுக்குக் கால். உங்களுக்கு?" "எங்களுக்கு வயிறு!" பிராணிகளின் நோயைத் தங்கள் நோயாகவே சொல்லிக்கொள்கிறார்கள்.

எக்ஸ்ரே பார்த்த டாக்டரம்மா, "முன்னங்காலுக்கு மாவுக்கட்டு போதும். தொடைக்குக் கட்டு நிக்காது. முறிவுக்கு மேலேயும் கீழேயும் இருக்கிற மூட்டு அசையக் கூடாதே! தகடு வெச்சு முடுக்கணும்" என்றார். ஆபரேஷன் முடிந்ததும், "எலும்பைச் சேர்க்கிறது எங்க வேலை. நடக்க வைக்கிறது உங்க வேலைம்மா" என்றாரே, அதுதான் சத்தியம்.

ஆறு வாரம் ஓட்டமில்லை, படியேற்றமில்லை. வழுக்கும் மொசைக் தரையில் சாக்கு விரித்தோம். வெளிக்குப் போகும்போது வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கினோம். கட்டுக்குப் பிளாஸ்டிக் உறை. உள்ளே வந்ததும் கழற்றிவிட வேண்டும். விரல்கள் வீங்கினாலோ, சில்லிட்டாலோ, கட்டில் கெட்ட வாடை வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். உடம்பு போட்டால் காலுக்குப் பாரம் என்று சோற்றையும் குறைத்தோம். ஒன்று முக்கியம், சகோதரிகளே! பாவம் வலிக்கிறதே என்று நம் வீட்டு பாரசிட்டமாலையோ ஐபுபுரூஃபனையோ கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அது விஷமாகிவிடும்.

ஆறாவது வாரம் எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருந்தது. மணியோ பின்னங்காலை ஊன்றவே இல்லை! மூன்று காலில் நொண்டியே பழகிவிட்டது. தொடைச் சதையும் வற்றிவிட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"வேகமாப் போனா காலைத் தூக்கிக்கும். மெதுவா நடந்தா ஊனித்தான் ஆகணும்" என்றார் டாக்டரம்மா. மூட்டை வலிக்காமல் மடக்கி நீட்டவும் கற்றுக் கொடுத்தார். அன்றிலிருந்து வாரைக் குட்டையாகப் பிடித்து, காலையும் மாலையும் ஐந்தைந்து நிமிஷம் ஆமை நடை. வாரா வாரம் கொஞ்சம் கூட்டினோம். ஒன்பதாவது வாரம் ஒரு காலை, வாசலில் நாலு பாதமும் தரையில் பட்டன. "அம்மா, ஊனிடுச்சு!" என்று என் பெண் தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

இப்போதும் லேசாக நொண்டும். பால்காரரை வாசல்வரை துரத்த அது போதுமாம்!