பொட்டலம் கட்ட முடியாத இனிப்பு

தென்காசிக்காரர்கள் வெளியூர் போனால் கையில் அல்வா இருக்கும். திரும்பும்போது அந்தந்த ஊர்ப் பண்டம் வரும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, 2020இல் பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாய். வாங்கி வருவது பெரும்பாலும் ஆண்கள். பிரித்து, பங்கு வைத்து, எல்லோருக்கும் நீட்டுவது பெண்கள். குற்றாலச் சாரலுக்கு வரும் குடும்பங்களைப் பாருங்கள். பேரருவியில் பெண்கள் குளிக்கத் தனி இடம் உண்டு. அங்கிருந்து ஈரத்தலையோடு வந்ததும் கட்டுச்சோற்றைப் பிரித்துப் பரிமாறுகிறவளும் அவளே.

என் ஆச்சி தீபாவளிக்கு உக்காரை செய்வாள். பருப்பை வறுத்து, ஊறவைத்து, அரைத்து, ஆவியில் வேகவைத்து, உதிர்த்து, வெல்லப்பாகில் போட்டுக் கிளற வேண்டும். அரைநாள் வேலை. கடைசியில் சட்டியில் ஒட்டியிருப்பதுதான் அவள் பங்கு. “ருசி பாத்தாச்சுளா, போதும்” என்பாள். உப்போ இனிப்போ, பெண்கள் ருசி பார்க்கிறார்கள், மற்றவர்கள் சாப்பிடுகிறார்கள்.

ஒரு கருத்தரங்குக்காகக் கொழும்பு போயிருந்தேன். மாலையில் தனியாக ஓர் உணவகத்தில் உட்கார்ந்து வட்டிலாப்பம் கேட்டேன். தேங்காய்ப்பால், முட்டை, கித்துள் கருப்பட்டி, ஏலக்காய் கலந்து ஆவியில் வேகவைப்பது. மலாய்க்காரர்கள் வழியாக இலங்கைக்கு வந்தது என்பார்கள். டச்சுக்காரர்கள் அழைத்துவந்த மலாய்ப் படைவீரர்கள் வரலாற்றில் இருக்கிறார்கள். முட்டையை அடித்து, அடுப்பருகே நின்று பதம் பார்த்த பெண்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

முதல் கரண்டி வாயில் இருக்கும்போது அம்மா அழைத்தாள். “பிள்ளைகளுக்கு என்னளா வாங்கியிருக்க?”

நான் என்ன சாப்பிட்டேன் என்று அவள் கேட்கவில்லை. அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அல்வா நெய்யின் தயவில் சில நாள் தாங்கும். அடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோக ஏற்ற பண்டம். வட்டிலாப்பமோ குலுங்கினால் உடையும், வெயிலில் கெடும். வந்தவள் அங்கேயே உட்கார்ந்து தின்ன வேண்டும். தின்றேன். இன்னொரு கிண்ணமும் கேட்டு வாங்கினேன்.

சுற்றுலா போய்வரும் மாணவிகளிடம் இப்போது, “அங்கே என்ன சாப்பிட்டே?” என்று கேட்கிறேன். பலரும் வீட்டுக்கு வாங்கி வந்ததைத்தான் சொல்கிறார்கள். “அது சரி, நீ?” என்று மறுபடி கேட்பேன். கையிலுள்ள காசில் தன் நாக்குக்கென்று ஐம்பது ரூபாயை ஒதுக்கிக்கொண்டு கிளம்புவதும் நாம் பழக வேண்டிய பாடம்தான்.