சொன்னால் சொன்னதுதான்

என் தம்பிக்கு ஆட்டிசம். அவன் மீசை நரைக்க ஆரம்பித்த பிறகுதான் இந்தப் பெயரே எங்களுக்குத் தெரிந்தது. லியோ கேனர் என்ற டாக்டர் 1943-லேயே அமெரிக்காவில் இதைப் பற்றி எழுதிவிட்டாராம். திருச்சிப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு அந்தச் சேதி வரவில்லை. நாயனச் சத்தம் கேட்டால் தம்பி காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். "பிடிவாதம், வளர்ப்பு சரியில்லை" என்று பழி அம்மா மேல்தான் விழுந்தது. மனநலம் வேண்டிப் போகும் குணசீலம் கோயிலில் அவனோடு ஒரு மண்டலம் தங்கிக்கூடப் பார்த்தாள். தாய் காட்டும் பாசம் குறைவதுதான் காரணம் என்று அந்தக் காலத்தில் மேல்நாட்டு நிபுணர்களே எழுதினார்கள் என்று பின்னால் படித்தபோது, எங்கள் ஊர்க்காரர்கள் மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

எங்கள் மாமா ஒருவர், கிளம்பும்போதெல்லாம் "நாளைக்கு வர்றேன்டா" என்பார். ஒருநாள் தம்பி விடியுமுன் குளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவன், உச்சிவெயில் வரை சாப்பிட வரவில்லை. பி.யூ.சி. படித்த மிதப்பில் நான் விளக்கப் போனேன்: "மாமா சும்மா சொன்னாருடா." "சும்மா சொன்னாரு, சும்மா சொன்னாரு" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்தான். என் படிப்பில் அதற்குப் பதில் இல்லை. கடைசியில் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மாமாவைக் கூட்டி வந்தார். அதன்பிறகு மாமா எங்கள் வீட்டில் வார்த்தையை எண்ணித்தான் பேசினார்.

நாங்களும் அப்படித்தான் மாறினோம். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று முன்கூட்டியே சொல்வோம், சொன்னபடி செய்வோம். அவனுடைய பிடிவாதத்தில் பாதி அதிலேயே கரைந்துபோனது.

அம்மா கடைசிக் காலத்தில் கேட்டாள்: "எனக்கப்புறம் இவனைப் பாத்துக்குவியா?" "பாத்துக்கறேம்மா" என்றேன். அதை மாமா மாதிரி சொல்லிவிட்டுப் போக முடியுமா? 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுத்து அவனுக்குப் பாதுகாவலர் ஆனேன்.

இப்படியொரு பிள்ளையை வளர்ப்பவர்களே, மூத்தது பார்த்துக்கொள்ளும் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிடாதீர்கள். மற்றப் பிள்ளைகளை உட்காரவைத்து, முடியுமா என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால், இந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிந்ததும் பாதுகாவலர் மனுவைக் கொடுத்து, அதைக் காகிதத்தில் உறுதி செய்துவிடுங்கள். யாரோடு இருக்கப்போகிறோம் என்பதை இந்தப் பிள்ளைக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.