150 ரூபாய் மைக்கோடு வடசென்னையில் ஒரு ரவுண்டு!

அதிகாலை 4 மணி. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் சூடுபிடித்திருந்தது. நானே செய்த மைக்கை நீட்டி, போனில் ரெக்கார்டு பட்டனைத் தட்டினேன். வீட்டுக்கு வந்து கேட்டால், 'புஸ்ஸ்ஸ்' என்று கடல்காற்று மட்டும்தான்!

மைக் செய்வது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் 'கண்டன்சர் மைக்' என்று கேட்டால், சட்டைப் பட்டன் அளவில் ஒன்றைத் தருவார்கள். 1962-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்டு செஸ்லரும் உருவாக்கிய எலெக்ட்ரெட் மைக்கின் வாரிசு அது. பின்பக்கம் இரண்டு புள்ளிகள் இருக்கும். உலோக உறையோடு சேர்ந்திருப்பது கிரவுண்டு, மற்றது சிக்னல். இரண்டிலும் ஷீல்டு வயரை சால்டரிங் செய்து, மறுமுனையில் போனுக்கான ஜாக்கைப் பொருத்தினேன். பழைய பேனாக் குழாய்தான் கைப்பிடி. பேட்டரி தேவையில்லை, மைக்குக்கான மின்சாரத்தை போனே கொடுத்துவிடும். மொத்தச் செலவு 150 ரூபாய்.

காற்று நேராக மைக்கின் சவ்வில் மோதுவதால்தான் அந்த இரைச்சல். அதனால் மைக்குக்கு ஸ்பாஞ்ச் சுற்றி, அதன்மேல் தங்கையின் பழைய கரடி பொம்மையிலிருந்து வெட்டிய ரோமத் துணியைப் போர்த்தினேன். காற்றின் வேகம் அதில் உடைந்துவிடும், சத்தம் மட்டும் உள்ளே போகும்.

மறுபடியும் கிளம்பினேன். 1856 ஜூலை 1-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் ஸ்டேஷனில், ஹாரன் சத்தம் துல்லியமாகக் கிடைத்தது. காசிமேட்டில் ஏலக் குரல்கள். திருவொற்றியூர் கடலோரத்தில் கருங்கற்களில் மோதும் அலையும், கன்டெய்னர் லாரிகளின் பிரேக்கும்.

கடைசியாக எண்ணூர் முகத்துவாரம். 2017-ல் வெளியான டி.எம்.கிருஷ்ணாவின் 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' படமான கழிமுகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பரவியதும் இங்கேதான்.

வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "இன்னாம்மா அது, பூனக்குட்டியா?"

"மைக் தாத்தா. இங்க கேக்குற சத்தத்தைப் பதிவு பண்றேன்."

"முன்னல்லாம் ராத்திரில மடவை துள்ளுற சத்தம் வூட்டாண்ட வரைக்கும் கேக்கும். இப்ப எங்க கேக்குது? இல்லாத சத்தத்த எப்டிமா புடிப்ப?"

என்னிடம் பதில் இல்லை. "நீங்களே சொல்லுங்க தாத்தா" என்று மைக்கை அவர் பக்கம் திருப்பினேன். மடவை, கிழங்கான், இறால், நண்டு... எந்த இடத்தில், எந்த மாதத்தில் எது கிடைத்தது என்று நிறுத்தாமல் சொன்னார். தூரத்தில் இயந்திரங்களின் இரைச்சல் இருந்தும், அவர் குரல் தெளிவாகப் பதிந்திருக்கிறது.

நீங்களும் செய்து பாருங்கள். பதிவின்போது போனை ஏரோபிளேன் மோடில் போட மறக்காதீர்கள். முதல் பதிவு, உங்கள் வீட்டுப் பெரியவரின் குரலாக இருக்கட்டும்!